எழுபத்தைந்து அங்குலத் தாழ்ப்பாள்

இரவு பத்தரைக்கு மேல் எங்கள் வீட்டுப் பின்கதவில் ஒரு சத்தம் கேட்கும். முதலில் தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி மெதுவாக. பிறகு நின்றுவிடும், எனக்குக் கேட்டதா என்று அதுவும் காது கொடுத்துப் பார்க்கிற மாதிரி. அப்புறம் ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. முன்பு இருந்தது, ஐப்பசி மழையில் துருவேறி உதிர்ந்துவிட்டது. வீட்டில் நானும் என் எட்டு மாத மகள் நௌஷினும்தான். அவள் வாப்பா தாரிக் தோஹாவில் இருக்கிறார். ஆகையால் தினமும் இஷா தொழுததும் கேஸ் சிலிண்டரை உருட்டிவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு விடிகிறவரை அந்தச் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கமாகிவிட்டது.

கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்ட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் எங்கள் குடியிருப்பில் வசிக்காத பாக்கியசாலிகள். காரைக்காலில் அரசலாற்றை ஒட்டி இருக்கும் எங்கள் அறுபது வீடுகளையும் பராமரிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. ஆணி முதல் ஓடு வரை எல்லாம் அலுவலகச் சொத்து. எதிர்வீட்டுக் கருப்பையன் அண்ணன், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் தானே மாற்றினார். 'அலுவலகச் சொத்தான ஒழுகலை முன் அனுமதியின்றி நிறுத்தியமைக்கு' விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இரண்டு வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறார். போன மாதம் பழைய குழாயைக் கொண்டுவந்து, முன்போலவே ஒழுகுமாறு மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எனவே மனு எழுதினேன். கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் ஓரம் விட்டு, 'பெருமதிப்பிற்குரிய ஐயா' போட்டு, 'தங்கள் பணிவுள்ள' என்று முடித்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே போய்ச் செயல் அலுவலர் உத்திராபதி சாரிடம் கொடுத்தேன். அவர் மனுவை முன்னும் பின்னும் பார்த்தார். எழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டினார். பிறகு கேட்டார்:

"வீட்டுல என்னம்மா இருக்கு?"

"நானும் இந்தப் புள்ளையும் இருக்கோம் சார்."

"ஆள் கேக்கலைம்மா. பொருள்."

தடியான ஒரு நோட்டைத் திறந்து அட்டவணை மூன்றைக் காட்டினார். தாழ்ப்பாள் கொடுப்பதானால் வீட்டில் பாதுகாக்கத்தக்க பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும். இரும்புப் பெட்டகம், இருசக்கர வாகனம், ஐம்பத்தைந்து அங்குலத்துக்குக் குறையாத உயர்தெளிவுத் தொலைக்காட்சி. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். தாயும் இல்லை, சேயும் இல்லை.

"ஆளுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது போலீஸ் பாத்துக்கும். தாழ்ப்பாள் பொருளுக்கும்மா. நகை கிகை உண்டா?"

"கையில கிடக்கிற வளையல்தான் சார்."

"அது உங்க மேல இருக்கு. வீட்டுல இல்ல."

வீட்டில் முப்பத்திரண்டு அங்குல டி.வி. ஒன்று இருப்பதைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு என்மேல் இரக்கமே வந்துவிட்டது. "அதை யாரும்மா தூக்குவா? திருடனுக்கும் ஒரு தராதரம் இருக்குல்ல" என்றார்.

அன்று காலை பின்வாசல் படியில் ஈரச் சேற்றில் ஒரு கால் தடம் பார்த்தேன். என் காலைவிடப் பெரியது. அதையும் சொன்னேன். தடம் நிலைப்படிக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டார். வெளியே என்றேன். அப்படியானால் அது நகராட்சி எல்லை என்றார்.

ராத்திரி தாரிக் பேசும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்தை அவர் காற்று என்றார். கால் தடத்தைப் பால்காரர் என்றார். ஐம்பத்தைந்து அங்குல டி.வி. என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ரூம்ல இருக்கிற அஜ்மீர் அவன் ஊட்டுக்கு அறுபத்தஞ்சு வாங்கிக் குடுத்திருக்கான், தெரியுமா? நாம எழுபத்தஞ்சு எடுத்துருவோம்."

"தாழ்ப்பாளுக்கு அம்பத்தஞ்சு போதும் மச்சான்."

"தாழ்ப்பாளுக்குப் போதும். அஜ்மீருக்குப் போதாது."

மறுநாளே தாரிக்கின் மாமா மன்சூர் அலி என்னைப் பாரதியார் சாலையில் உள்ள ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்க டி.வி.கள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில் சிறகை விரித்தது. அடுத்து ஒரே ஆரஞ்சுப் பழத்தை எல்லாவற்றிலும் நறுக்கினார்கள். கடைப்பையன் ஹரிஹரன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, இது மனிதக் கண்ணால் பிரித்தறிய முடியாத நூறு கோடி நிறங்களைக் காட்டும் என்றார். கண்ணால் பிரித்தறிய முடியாவிட்டால் பிறகு எதற்கு என்று கேட்டேன். "அதுக்குத்தான் மேடம் விலை" என்றார்.

தாரிக் வீடியோ காலில் வந்தார். கீறல் விழுந்த அவர் போனில், அரைகுறை சிக்னலில், நிமிஷத்துக்கு ஒருமுறை உறைந்து நின்ற கிளியைப் பார்த்து, தெளிவு பிரமாதம் என்று தீர்ப்புச் சொன்னார். மாமா தம் பங்குக்கு டி.வி.யின் முதுகைத் தட்டிப் பார்த்தார். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கடைசியாக ஹரிஹரன் ஹாலின் நீளம் கேட்டார். ஒன்பது அடி. அவர் முகம் சுருங்கியது. எழுபத்தைந்துக்குப் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்தால்தான் முறையாம், கிட்டே உட்கார்ந்தால் படத்துக்கு அவமரியாதையாம். சற்று யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார்.

"ஹாலுக்கு நேரா பின்கதவு இருக்குன்னு சொன்னீங்கள்ல மேடம். அதைத் திறந்து வச்சிட்டுக் கொல்லையில சேர் போட்டுக்குங்க. மூணு அடி சரியா கிடைக்கும்."

"அந்தக் கதவை மூடத்தான் தம்பி இந்த டி.வி.யே வாங்குறோம்."

"மூடிக்குங்க மேடம். பாக்காத நேரத்துல."

டி.வி. வந்து இறங்கிய அன்று அறுபது வீட்டு ஜனமும் வாசலில் நின்றது. கட்டில் அகலத்துக்கு அட்டைப்பெட்டி. நாலு பேர் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, கொல்லை வழியாக, அந்தப் பின்கதவு வழியாகவேதான் உள்ளே வந்தார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லாததை அதுவரை அறியாதவர்களும் அன்று அறிந்துகொண்டார்கள். மாமா பெருமையோடு கதவைத் தள்ளித் தள்ளிக் காட்டினார், எவ்வளவு லேசாகத் திறக்கிறது பாருங்கள் என்று. டி.வி.யைப் போட்டதும் செய்தி வாசிப்பவரின் இடது கண் மட்டும் என் மகள் உயரத்துக்கு நின்றது. அவள் வீறிட்டு அழுதாள்.

அன்றிரவு சத்தம் இரண்டு முறை கேட்டது.

காலையில் ஆய்வுக்கு உத்திராபதி சார் வந்தார். நாடாவை எடுத்துத் திரையை மூலைக்கு மூலை அளந்தார். எழுபத்தைந்து வந்தது. எனக்கு உயிரே திரும்பி வந்தது. பிறகு பின்கதவைப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"தாழ்ப்பாளே இல்லாத வீட்டுல இவ்வளவு பெரிய பொருளை வச்சிருக்கீங்களே. விதிப்படி குத்தம்மா இது."

தாழ்ப்பாள் வேண்டுமென்றால் டி.வி. இருக்க வேண்டும், டி.வி. இருக்க வேண்டுமென்றால் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே அலுவலகம் பெரிய மனது பண்ணியது. தாழ்ப்பாள் அனுமதியாகும்வரை டி.வி.யை அலுவலகத்திலேயே ஓர் அறையில் பத்திரமாக வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். 'உரிமையாளருக்கு எந்நேரமும் தம் பொருளின் அருகில் இருக்க உரிமையுண்டு' என்று உத்திராபதி சார் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மாமாவே பிடித்துத் தூக்கிவிட்டார். அந்த வாரம்தான் கிரிக்கெட் தொடர் ஆரம்பம் என்பது தற்செயல்.

வாழ்க்கையிலேயே முதன்முறையாக அந்த அலுவலகம் இரண்டே நாளில் ஒரு கோப்பை முடித்தது. தாழ்ப்பாள் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். ஓடினேன். முழங்கை நீளப் பித்தளைத் தாழ்ப்பாள், சந்தனம் குங்குமமெல்லாம் வைத்து, டி.வி. வைத்திருந்த அவர்கள் அறைக் கதவின் உள்பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

"இது எங்க ஊட்டுக்கு வந்தது சார்."

"உங்க டி.வி.க்கு வந்ததும்மா. பொருள் எங்கயோ தாழ்ப்பாள் அங்க. பொருளை இங்க வச்சிட்டு உங்க வீட்டுல கொண்டு மாட்டினா ஆடிட்ல என்ன சொல்லுவேன்?"

"அப்ப டி.வி.யைத் திருப்பிக் குடுங்க."

"தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு எப்படிம்மா அனுப்புறது? அன்னைக்கே சொன்னேனே."

என் மனுவின் மேல் 'கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதி முடித்து வைத்தார்கள்.

தாரிக்கிடம் அழுதேன். அலுவலகத்து ஆட்கள் அத்தனை பேரும் நம் டி.வி.யில் மேட்ச் பார்க்கிறார்கள் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. அதை உடனே அஜ்மீரிடம் சொல்லிவிட்டு வந்து, மிச்சத்தைச் சொல் என்றார். மாமாவும் தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அங்கே போய்விடுவார். நம் பொருள், யாராவது ஒருவர் கண்காணிக்க வேண்டாமா என்பார். விளம்பர இடைவேளையில் எனக்குப் போன் போட்டு, பயப்படாதே, டி.வி. பத்திரமாக இருக்கிறது என்பார்.

போன வியாழன் இரவு சத்தம் வந்தது. சுரண்டல், அமைதி, தட்டு. அதோடு நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் ஒரு சாண் உள்ளே நகர்ந்தது. நான் கத்தினேன். குழந்தை கத்தினாள். கொல்லையில் யாரோ நிதானமாக, அவசரமே இல்லாமல் நடந்துபோகும் சத்தம் கேட்டது.

விடிந்ததும் மாமாவிடம் சொன்னேன். இறுதிப் போட்டி முடியட்டும், இன்ஷா அல்லாஹ் ஒரு வழி பண்ணலாம் என்றார்.

இறுதிப் போட்டி சனிக்கிழமை. ஒரு பாய், ஒரு தலையணை, நௌஷினின் பால் பாட்டில், உத்திராபதி சார் கையெழுத்துப் போட்ட காகிதம். இவற்றை எடுத்துக்கொண்டு இரவு அலுவலகத்துக்குப் போனேன். முதல் இன்னிங்ஸ் முடிந்து எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். அறை காலி. பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தினேன். அவர்கள் திரும்பி வந்தபோது நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா இது?" என்றார் உத்திராபதி சார்.

காகிதத்தை நீட்டினேன். எந்நேரமும், அருகில், உரிமை. மூன்று சொல்லையும் அவரே விரல் வைத்துப் படித்தார். தம் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். அது அசல்தான்.

"சரி. இருங்க. நாங்களும் ஒரு ஓரமா..."

"உரிமையாளர்னுதான் சார் போட்டிருக்கு. பார்வையாளர்னு இல்ல."

பின்னால் இருபது முப்பது பேர், டீ கிளாஸோடு. எல்லோரும் நான் அறிந்த முகங்கள். கருப்பையன் அண்ணன்கூட நின்றார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். இந்த ராத்திரியில் கைப்பிள்ளையோடு ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

"ரெண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கப் போவுது புள்ள" என்றார் மாமா.

"வெளியில நின்னு ஜன்னல் வழியா பாருங்க மாமா. பன்னண்டு அடி இருக்கும்."

உத்திராபதி சார் நாடாவை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, நாடாவின் நுனியை உள்ளே நீட்டித் திரையில் என்னைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். சரியாகப் பன்னிரண்டு. கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. இங்கிருந்து பார்த்தால்தான் படம் எடுப்பாக இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று இன்னொருவர் சொல்ல, தத்தம் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்த அத்தனை பேரும் கொசுக்கடியில் வரிசையாக நின்றார்கள். உள்ளே இருக்கும் எங்களை ஒரு கண்ணும் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்கள்.

கூட்டி வைத்தேன். இனி எந்தக் கதவை யார் சுரண்டினாலும் அவர்களுக்குக் கேட்காது. பிறகு போய், என் பெயரில் வந்த தாழ்ப்பாளை உள்பக்கமாகப் போட்டேன்.