பால்மாவு டின்னில் போன எக்ஸ்ரே படம்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டத்தின்போது, மலாக்கா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிழைத்துக் கிடக்கப் பெரிய அறிவொன்றும் தேவைப்படவில்லை. மூடிய டின்னோடு கேட்டைத் தாண்டக் கூடாது என்பது தெரிந்தால் போதும். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடும் என்று, கடையில் சார்டின் மீன் டின் வாங்கினால்கூட, பதுக்கி வைக்க முடியாமல் கெட்டுப்போகட்டும் என்று அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய எனக்குப் பொருந்தாது என்று நினைத்தேன். (படித்தவன் அல்லவா!)

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பெனிக்குச் சின்னதாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அதில் நான் தற்காலிக உதவியாளன். ரப்பருக்குப் போட்டியாகச் செயற்கைச் சாமான்கள் வந்துவிடுமோ என்று கம்பெனிக்குக் கிலி. அதனால் எங்கள் துரை, கண்ணாடித் தாள் போன்ற பிளாஸ்டிக் படலம் ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். பென்சீன் வளையங்கள் கோத்த பாலிமராம், அரோமேட்டிக் வகையாம். வாசனை வரும் என்று மோந்து மோந்து பார்த்தேன். மூக்கில் தூசிதான் ஏறியது.

அதை இழுத்துப் பிடித்து நடுவே எக்ஸ்ரேயைப் பாய்ச்ச வேண்டும். உள்ளே மூலக்கூறுகள் சிக்கு விழுந்த நூலாகக் கிடந்தால், சிதறும் கதிர்கள் பின்னாலுள்ள ஃபிலிமில் மங்கலான வளையமாக விழும். வரிசையாகப் படுத்திருந்தால் வளையம் உடைந்து பிறை பிறையாகத் தெரியும். ஜெனரேட்டர் இருமி இருமி நின்றதில் ஒரே ஒரு படம் எடுக்கப் பல நாள் இழுத்தது. அத்தோடு படலமும் கிழிந்தது. துரையோ லீவில் கப்பலேற மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். படம் நன்றாக வந்தால் என் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்.

வேலை நிரந்தரமானால்தான் சரசு கிடைப்பாள். அவள் அப்பா முனியாண்டி மாமா, தோட்டத்து கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். "தற்காலிகத்துக்கெல்லாம் பொண்ணு கெடையாது லா, தம்பி" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். சரசு இல்லாவிட்டால் செத்தே போவேன் என்று அப்போது உண்மையிலேயே நம்பினேன்.

ஃபிலிமைக் கழுவ மலாக்கா டவுனில் ஒரு பாயின் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். வெளிச்சம் புகாத பெட்டியின் மூடி கழன்றிருந்தது. என் மேதாவி மூளை உடனே வேலை செய்தது: பால்மாவு டின்! ஃபிலிமை உள்ளே வைத்து, மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை நடையில் கேட்டுக்குப் போனேன். அங்கே மாமா துப்பாக்கியோடு நின்றார். எனக்குப் பின்னால் பஸ்ஸுக்குப் போகும் பாதித் தோட்டம் வரிசையில் நின்றது.

"டின்னுல என்ன தம்பி?"

"எக்ஸ்ரே படம் மாமா. துரையோட ஆராய்ச்சி. வெளிச்சம் பட்டா எல்லாம் அழிஞ்சிரும்."

"மாமா கீமால்லாம் வீட்டுல. ஒறவுக்காரன விட்டுட்டான்னு நாளைக்கு ஊரே பேசும்."

"தயவு செஞ்சு தொறக்காதீங்க! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மாமா யோசித்தார். முகத்தில் கருணை தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

"சரி, நீங்க இவ்ளோ சொல்றதுனால தொறக்கல. சட்டத்துலயும் தொறக்கச் சொல்லல" என்றபடியே ஆணியை வைத்துச் சுத்தியலால் மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டார். "ஓட்டை போடத்தான் சொல்லியிருக்கு. போய்ட்டு வாங்க!"

வழி நெடுக இரண்டு கையாலும் ஓட்டைகளைப் பொத்திக்கொண்டு போனேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக் கையில்லை. கண்டக்டரே என் சட்டைப் பையில் கைவிட்டுச் சில்லறை எடுத்துக்கொண்டார். நடுவழியில் தும்மல் வேறு வந்தது. (வாயைப் பொத்துவதுதானே நாகரிகம்? பொத்தினேன்.)

பாய் இருட்டறையிலிருந்து வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அமாவாசையவா படம் புடிச்சீங்க?"

துரை ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வளையமும் இல்லை, பிறையும் இல்லை. ஃபிலிமில் ஆணி துளைத்த ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து வெளியே ரப்பர் மரங்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்றோடு வேலை போயிற்று.

மறுநாள் மாமா என் வீட்டுக்கு வந்தார், சீருடை இல்லாமல். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

"என் கையாலயே ஒங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டேன்" என்றார். "சட்டப்படி செஞ்சது சரிதான். ஆனா சோறு எறங்கல. சரசுவ நீங்களே கட்டிக்குங்க."

"வேலை போயிருச்சே மாமா?"

"அதனாலதான் குடுக்கறேன். வேல இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் யோசிச்சிருப்பேன் லா."

அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளக்கம் கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று சடாரெனக் காலில் விழுந்தேன். அழுகை வந்தது, அத்தனை சந்தோஷம்.

பிறகு பாயா ரும்புட் பக்கம் வாத்தியார் வேலை கிடைத்துக் குடும்பம் தழைத்தது. இப்போதும் சொந்தத்தில் யாருக்காவது சம்பந்தம் பேசி, ஜாதகத்தை விரித்து வைத்தால் போதும், சரசு ஆரம்பித்துவிடுவாள்:

"எல்லாருக்கும் பத்துப் பொருத்தம் பாத்துக் குடுத்தாங்க. எங்கப்பா எனக்கு ரெண்டு ஓட்டை போட்டுத்தான் குடுத்தாரு!"