இல்லாட்டி மாஸ்டரும் உடைக்காத கடிதமும்

ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் குடிப்பதா விடுவதா என்று ஒரு மணித்தியாலம் ஆராய்ச்சி செய்த மனிதர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தார். அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கெல்லாம் அவர் இல்லாட்டி மாஸ்டர்.

யார் எதைச் சொன்னாலும் "இல்லாட்டி?" என்று கேட்பார், அதுதான் காரணம்.

"மழை வரப்போகுது, குடை கொண்டு போங்கோ மாஸ்டர்."

"இல்லாட்டி?"

"நனைவியள்."

அதையும் கொப்பியில் எழுதிக்கொள்வார். ஒருநாள் பலாலி வீதியில் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் "ஏறுங்கோ ஐயா" என்றார். மாஸ்டர் "ஏறாட்டி?" என்று கேட்டார். "ஏறாட்டி நாங்கள் போயிடுவம், நீங்கள் நிப்பியள்." மாஸ்டருக்குப் பெரிய சந்தோசம். "கேட்டனீங்களோ, எனக்காண்டி உலகம் நிக்கேல்லை" என்று பக்கத்தில் நின்ற மரக்கறிக்காரிக்குச் சொல்லி, கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது பஸ் இல்லை. சுன்னாகத்துக்கு நடந்தே போய் வந்தார். அன்றைக்கு முழுக்க முகத்தில் சிரிப்பு.

நாற்பத்தைந்து வயது, கலியாணம் இல்லை. ரியூசனில் கணக்குப் படிப்பித்த மனிதர் அதை விட்டுவிட்டு கம்பியூட்டர் விளையாட்டுச் செய்ய வந்திருந்தார். நான் அறைகளில் இருக்கிறவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். புது ஆட்களோடு கதைக்க எனக்கு நாக்கு எழும்பாது. சாப்பாட்டை யன்னல் விளிம்பில் வைத்து இரண்டு தரம் தட்டுவேன். "ஓம் அம்மா" என்று குரல் வரும். முதல் ஆறு மாதம் எங்கள் கதை இவ்வளவுதான்.

ஒருநாள் யன்னலால் தலையை நீட்டிக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் கம்பியூட்டரில எப்பவாவது விளையாடியிருக்கிறியளோ?"

"ஐயோ, எனக்கு உதொண்டும் தெரியாது."

"அப்ப நீங்கள்தான் எனக்குத் தேவையான ஆள்."

அவர் கம்பியூட்டருக்குள் ஒரு ஊரைக் கட்டி வைத்திருந்தார். விளையாடுகிறவர் குகன் என்ற ஒருவனாக அந்த ஊரில் நடமாடலாம். எங்கே போவது, யாரோடு பழகுவது, யாரை அடிப்பது எல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் நடுவில் ஒரு கதையும் உண்டு. குகனின் தகப்பனை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அது யார் என்று குகன் கண்டுபிடிக்க வேண்டும்.

"இது பெரிய ஆக்களுக்கு மட்டும் அம்மா" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு எழுபத்தொண்டு நடக்குது."

"அதில்லை. சில இடத்தில... குகன் சில வீடுகளுக்குப் போவான். கதவு பூட்டுப்படும்."

அவருடைய முகம் மிளகாய்ப்பழம் போல ஆகிவிட்டது. என் முகத்தை நான் பார்க்கவில்லை. அடுத்த நாள் என்னிடம் அரிசி புடைக்கிற சுளகு ஒன்று கேட்டு வாங்கினார். அவர் விளையாடிக் காட்டும்போது, கதவு பூட்டுப்படும் நேரம் அந்தச் சுளகைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடிப்பார். நான் சுவரைப் பார்ப்பேன். சுளகுக்குப் பின்னால் இருந்து பாட்டு மட்டும் கேட்கும். பாட்டு நல்ல பாட்டுத்தான்.

பிறகு நானே விளையாடத் தொடங்கினேன். குகன் வீட்டு மேசையில் உறை பிரிக்காத ஒரு கடிதம் கிடந்தது. நான் அதைத் தொடாமல் முற்றத்தைக் கூட்டினேன். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். அடுத்த நாளும் கூட்டினேன். குகனுக்குப் பதினொரு நாள் போனது. அவன் வளவு போலச் சுத்தமான வளவு அந்த ஊரில் இல்லை. பக்கத்தில் இருந்த மாஸ்டர் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தக் கடிதத்தை ஒருக்கா உடையுங்கோவன்."

"அது தேப்பன்ரை பேருக்கு வந்த கடிதமெல்லோ."

"தேப்பன் செத்துப்போனார் அம்மா."

"அதுக்காக? மற்றவைக்கு வந்ததை உடைக்கலாமோ?"

"உடைச்சால்தான் கதை தொடங்கும்."

"இல்லாட்டி?" என்று நான் கேட்டேன்.

மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அவரிடம் யாரும் அதுவரை அதைத் திருப்பிக் கேட்டதில்லை போல.

இப்படி இருக்கும்போதுதான் இடி விழுந்தது. விளையாட்டை வாங்கப் பார்த்த வெளிநாட்டுக் கம்பனி எழுதிவிட்டது. அவர்கள் விளையாடிப் பார்த்தார்களாம். குகனை ஒரே தெருவில் மூன்று பெண்களோடு பழகவிட்டார்களாம். அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்து வணக்கம் சொன்னார்களாம். கடைக்காரரைக் கொன்றார்களாம், அடுத்த நாள் கடை திறந்து கிடந்ததாம். "இப்படி இருந்தால் கதை நிற்காது. சுதந்திரத்தை எடுத்துவிட்டு ஒரே பாதையாக்கித் தாருங்கள். ஒரு மாதம் தருகிறோம்" என்று முடித்திருந்தார்கள்.

"ஒரே பாதை எண்டால் அதுக்கு எதுக்கு விளையாட்டு? சினிமா பாக்கலாமே" என்றார் மாஸ்டர். யன்னல் விளிம்பில் சாப்பாடு அப்படியே கிடந்தது. நான் வைத்த சோற்றை ஒருவர் தொடாமல் விட்டது அதுதான் முதல் தரம்.

செய்தி இணுவிலில் இருந்த அவருடைய அக்காவுக்குப் போய்விட்டது. அவர் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார்.

"விளையாடினது காணும் தம்பி. ரியூசனில உன்னைத்தான் கேக்கினம். இந்த மாதம் முடிய பெட்டியைக் கட்டு."

மாஸ்டர் "கட்டாட்டி?" என்று கேட்கவில்லை. "ஓம் அக்கா" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் சோற்றை யன்னலில் வைக்காமல் உள்ளே கொண்டுபோனேன். திரையில் அந்தக் கடைக்காரரைக் கொன்று மூன்றாம் நாள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மேளம் முழங்கக் கலியாணம். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்டர், இதென்ன ஊர்? செத்த வீடு நடந்து எட்டாம் நாள் எட்டுச்செலவு கூட முடியேல்லை. பக்கத்து வளவில மேளமோ?"

"அந்தக் கலியாணம் கதைக்குத் தேவை அம்மா. அங்கைதான் எதிரி வருவான்."

"எதிரி செத்த வீட்டுக்கு வரட்டும். கலியாணத்துக்குச் சொன்னால்தான் வருவினம், செத்த வீட்டுக்குக் கோவக்காரரும் சொல்லாமலே வருவினம்."

மாஸ்டர் கொப்பியைத் தேடினார். நான் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

"அந்த மூண்டு பெட்டையளும் ஏன் சிரிக்கினம்? குகன் ஒரு வீட்டை போய் வந்தால் கிணத்தடியில பத்து நிமிசத்தில தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சால் சண்டை பிடிப்பினமோ?"

"ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். எல்லாருக்கும் தெரியும். தேத்தண்ணி தருவினம். சீனி குறைஞ்சிருக்கும்."

"கடைக்காரர்?"

"அவரைக் கொல்லுறவன் கொல்லட்டும். பிறகு அரிசிக்கு அடுத்த ஊருக்கு நடக்கட்டும்."

"கடிதம்?" என்று மெதுவாகக் கேட்டார். "நீங்கள்தான் அதை உடைக்க மாட்டியளே."

"நான் உடைக்க மாட்டன். ஆனால் அதைப் போட்டவன் பதில் வரேல்லை எண்டு சும்மா இருப்பானோ? ஒருநாள் சைக்கிளில வந்து வாசல் படலையில மணி அடிப்பான்."

மாஸ்டர் ஆறிப்போன சோற்றை எடுத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அந்த மாதம் எங்கள் தெரு பட்ட பாடு சொல்லி முடியாது. மாஸ்டர் கொப்பியோடு வீடு வீடாகப் போனார். "நான் உங்கடை பூசணிக்காயைக் களவெடுத்தால் எத்தினை நாளைக்குக் கதைக்காமல் இருப்பியள்?" என்று கேட்டார். ஒரு வீட்டில் மூன்று நாள் என்றார்கள். அடுத்த வீட்டில் "போன கிழமை எடுத்தது நீங்களோ?" என்று பிடித்துக்கொண்டார்கள். அக்காவிடமும் போனார்.

"அக்கா, நான் ஒரு ஆளைக் கொலை செய்துபோட்டு வந்தால் என்ன செய்வியள்?"

அக்கா இணுவில் கந்தசுவாமி கோயிலுக்கு ஓடி, தம்பிக்குப் புத்தி தெளிய வேண்டுமென்று அருச்சனை செய்தார். திரும்பி வந்துதான் அழுது அழுது சொன்னார்.

"மறியல் கம்பிக்குள்ள இருந்தாலும் சாப்பாடு கொண்டு வருவன். ஆனால் உன்ரை முகத்தைப் பாக்க மாட்டன்."

மாஸ்டர் அதையும் எழுதினார்.

மாத முடிவில் விளையாட்டு கம்பனிக்குப் போனது. ஒரு வழியும் அடைக்கப்படவில்லை. யாரும் எதையும் செய்யலாம், ஊர் தன் பாட்டில் அதற்கு மறுமொழி சொல்லும். பதினைந்து நாளில் பதில் வந்தது. அந்தக் கம்பனியில் விளையாடிப் பார்க்கிற வெள்ளைக்காரர் ஒருவர் குகனை இரண்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த வீட்டிலும் அவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கிடைக்கவில்லை. அந்த மனிதர் கதையையும் விட்டுவிட்டு, தெருத் தெருவாகப் போய் மன்னிப்புக் கேட்டு முடிக்க இரண்டு நாள் எடுத்தாராம். போகிற வழியிலேயே கதையும் அவரைப் பிடித்துக்கொண்டதாம். வாங்குகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

மாஸ்டர் பெட்டியைக் கட்டினார். இணுவிலுக்கு அல்ல, கொழும்புக்கு. பழைய கம்பியூட்டரை எனக்கு விட்டுப்போனார்.

அவர் போன பிறகுதான் அந்த ஊருக்குள் ஒரு சின்ன யன்னலைக் கண்டேன். அதற்குப் பின்னால் சாப்பாடு கொடுக்கிற ஒரு வயதான பெண் நிற்கிறாள். குகன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் இரண்டு தரம் தட்டிச் சோறு வைக்கிறாள். அவளை ஏச, அடிக்க, ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் எல்லாப் பொத்தானையும் அமத்திப் பார்த்துவிட்டு மாஸ்டருக்குப் போன் எடுத்தேன்.

"மாஸ்டர், ஆரையும் என்னவும் செய்யலாம் எண்டியள். இவவை ஒண்டும் செய்யேலாமல் கிடக்கு."

"அதுக்கு மட்டும் வழி வைக்கேல்லை அம்மா."

"அவ விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் நிண்டபடி நிக்கிறா. இருக்க ஒரு கதிரை போடுங்கோ" என்றேன்.

அடுத்த முறை பார்த்தபோது யன்னலடியில் இரண்டு கதிரை இருந்தது. மற்றதில் குகனை இருத்திப் பார்த்தேன், அவனால் முடியவில்லை. அது யாருக்கு என்று நான் மாஸ்டரிடம் கேட்கவில்லை. முற்றம் கூட்டும்போது குகனைக் கொண்டு அதையும் துடைத்து வைக்கிறேன்.