இத்தாலி அளவு முப்பத்தாறு

"இழுக்காதீங்க! காதும் சேர்ந்து வருது!"

பச்சைப் பட்டுக்குள்ளிருந்து ஹெர்மினியாவின் குரல் கேட்டது. இரண்டு கைகளும் மேலே நின்றன. தலை உள்ளே இருந்தது. புது கவுன் தோளைத் தாண்டவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

"தள்ளணுமா, இழுக்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு" என்றார் கணவர் அர்செனியோ.

"மூச்சு விடணும்!"

மேசையில் இருந்த செல்பேசி சிணுங்கியது. அவர் எட்டிப் பார்த்தார்.

"உன் சம்பந்தியம்மா. 'லுக்ரேசியாவுக்கு அளவு குடுத்தாச்சா'ன்னு கேக்கறாங்க."

"குடுத்தாச்சுன்னு அனுப்புங்க!" என்றது பட்டு.

ஹெர்மினியா பிலிப்பைன்ஸில் பகோலோட் நகரத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். ஒரே மகன் ஜோமர், கடலுக்கு அந்தப் பக்கம் இலொய்லோவில் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டப்போகிறான். பெண்ணின் அம்மா கொன்சுவெலோ மூன்று வாரத்துக்கு முன் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'கல்யாணத்துக்கு நம் குடும்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் லுக்ரேசியாதான். மரகதப் பச்சை. உங்கள் அளவை மட்டும் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.'

லுக்ரேசியா என்றால் என்ன என்று சம்பந்தியிடம் கேட்பதா? ஹெர்மினியா கூகிளைக் கேட்டாள். இத்தாலி நாட்டு உடைக் கம்பெனி என்று அது சொன்னது. முதல் படத்திலேயே நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி ஒருத்தி பச்சை கவுனில் படி இறங்கிக்கொண்டிருந்தாள். விலையைப் பார்த்ததும் ஹெர்மினியா செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி நிமிர்த்தினாள்.

"புது ஃபிரிட்ஜ் அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்" என்றாள். "அந்த வீட்டுல என் பிள்ளையை யாரும் இளப்பமா பாத்துடக் கூடாது."

ஆனால் என்ன சைஸ்? பெரிய கடையில் அவளுக்கு லார்ஜ். சந்தையில் டபுள் எக்ஸ்எல். கொரியாக்காரன் கடையில் அவளுக்குப் பையும் தொப்பியும்தான் சேரும். இத்தாலிக்காரனோ ஓர் அட்டவணை வைத்திருந்தான். இத்தாலியில் நாற்பத்திரண்டாக இருப்பவள் பிரான்சுக்குப் போனால் முப்பத்தெட்டு, இங்கிலாந்தில் பத்து, அமெரிக்காவில் ஆறு. மூன்றாம் வகுப்பில் இப்படி ஒரு கணக்கைப் போட்டால் பெற்றோர் புகார் எழுதுவார்கள்.

எலக்ட்ரீஷியனான அர்செனியோவின் இரும்பு டேப்பை எடுத்து இடுப்பை அளந்தாள். முப்பத்தாறு. பட்டியலிலும் முப்பத்தாறு இருந்தது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது என்று பணத்தைக் கட்டிவிட்டாள்.

டேப்பில் இருந்தது அங்குலம். பட்டியலில் இருந்தது இத்தாலி. அது இப்போது, தலை உள்ளே மாட்டிக்கொண்ட பிறகுதான் புரிந்தது.

அரை டப்பா பவுடரைக் கொட்டி அர்செனியோ அவளை வெளியே எடுத்தார். ஒரு தோடு கவுனிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் சோஃபியா என்று ஒருத்தி எழுத்தில் பேசினாள். மனுஷியா மெஷினா, தெரியவில்லை. 'நீங்கள் இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருக்கிறீர்களா?'

'எல்லா அளவுக்கும் வெளியே இருக்கிறேன்' என்று எழுதினாள் ஹெர்மினியா.

நாற்பத்தெட்டை மாற்றாக அனுப்பலாம் என்றாள் சோஃபியா. இத்தாலிக்காரர்களை நம்பும் மனநிலையில் ஹெர்மினியா இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஐம்பத்து நாலு கேட்டாள்.

வந்த பெட்டியைப் பிரித்து அர்செனியோ துணியை உதறினார். உதறிக்கொண்டே இருந்தார்.

"ஹெர்மி, இதுல ஒரு ஜீப்னி பஸ்ஸவே மூடிடலாம். டிரைவரோட சேத்து."

கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. திருப்பி அனுப்ப நேரமில்லை. சந்தையில் பள்ளிச் சீருடை தைக்கும் தீபோவிடம் ஓடினாள்.

"மூச்சை விடுங்க டீச்சர்" என்றார் தீபோ, டேப்பைச் சுற்றிக்கொண்டு.

"விட்டுட்டுதாண்ணே இருக்கேன்" என்றாள் ஹெர்மினியா, வயிற்றை முதுகெலும்பு வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"பேச்சே வரல, மூச்சு எங்கருந்து வரும்? அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

அவர் அந்த அளவுக்கே வெட்டினார். நிற்கலாம், பேசலாம். மூச்சும் உட்காருவதும்தான் முடியாது. மறுபடி ஓடினாள். தீபோ பக்கவாட்டில் இரண்டு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். சந்தையில் மரகதப் பச்சை இல்லை, கிளிப்பச்சைதான் கிடைத்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று திரும்பிக் காட்டினாள்.

அர்செனியோ யோசித்தார். "பச்சைப் பாண்டான் கேக்கை வெட்டி நிறுத்தின மாதிரி இருக்கு. நல்ல கேக்தான்."

அதன்மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் ஹெர்மினியா கல்யாணத்துக்குக் கிளம்பினாள். படகில் ஒன்றேகால் மணி நேரம். எல்லாரும் உட்கார்ந்து வந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பது போல நின்றே வந்தாள்.

தேவாலய வாசலில் பெண்வீட்டுப் பெண்கள் ஏழு பேர் பச்சையில் நின்றார்கள். ஒல்லியானவள், குண்டானவள், கூன் விழுந்த அத்தை என்று ஏழு பேருக்கும் உடம்பில் ஊற்றியது போல உடை பொருந்தியிருந்தது. இத்தாலிக்காரனுக்கு நம்மிடம் மட்டும் என்ன பகை என்று நினைத்தபடி ஹெர்மினியா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கொன்சுவெலோ வந்து கையைப் பிடித்தாள். அவள் கண் சால்வைக்குக் கீழே தெரிந்த கிளிப்பச்சையில் ஒரு கணம் நின்றது. "வந்துடறேன் சம்பந்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனாள்.

'பார்த்துவிட்டாள்' என்று ஹெர்மினியாவின் மனம் இடிந்தது. அந்த நேரம் பார்த்துப் பூக்கூடை வைத்திருந்த ஒரு சின்னப் பெண் "பாட்டி" என்று முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டினாள். ஹெர்மினியா குனிந்தாள்.

டர்ர்ர்.

கிளிப்பச்சை ஒரு பக்கம், மரகதப் பச்சை ஒரு பக்கம். சால்வையைச் சுற்றிக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்து அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். பின்னாலேயே ஜோமர் வந்து கதவைத் தட்டினான்.

"அம்மா, திறங்க."

"நீ அப்பாவோட மட்டும் நடந்துபோடா. நான் பின்னால நின்னு பாத்துக்கறேன்."

"நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போடற நீல கவுன்ல வந்தாலும் உங்க கையப் பிடிச்சாத்தாம்மா நான் நடப்பேன். வராட்டி கல்யாணம் இங்கயே நிக்கும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போது பின்பக்கக் கதவு வழியாக ஒரு குள்ளமான அம்மாள் உள்ளே வந்தாள். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. ரவிக்கையில் வரிசையாகக் குண்டூசிகள். கையில் ஒரு பை.

"மாப்பிள்ளையோட அம்மாதான? அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். கைய தூக்குங்க. சம்பந்தியம்மா வாசல்ல தவிச்சுட்டு நிக்கறாங்க."

பையிலிருந்து மரகதப் பச்சை இறங்கியது. ஹெர்மினியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காது மாட்டவில்லை. தோள் மாட்டவில்லை. ஜிப் ஒரே இழுப்பில் மேலே போனது.

பயந்து பயந்து மூச்சை விட்டாள். ஒன்றும் கிழியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறைய மூச்சு வாங்கி, விட்டு, சிரித்தாள். "வர்றேண்டா ஜோமர்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள்.

சம்பந்தி தனக்காக இத்தாலியிலிருந்து இன்னொன்று வரவழைத்து வைத்திருக்கிறாள்! எவ்வளவு பெரிய மனசு! இனி வாழ்நாளில் மறக்கக் கூடாது என்று சைஸ் எண்ணைத் தேடிக் கழுத்துப் பக்கம் விரலை விட்டுத் துழாவினாள்.

"லேபிளையே காணோமே! லுக்ரேசியான்னு பேரு போட்டிருக்கணுமே?"

அந்த அம்மாள் தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"நான் தைச்ச துணியில என் பேர நானே எதுக்குங்க போட்டுக்கணும்? அளவு குடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்பினீங்களாமே, அது இந்த லுக்ரேசியா கைக்கு வந்தே சேரல, கடைசியில உங்க போட்டோவப் பாத்துத்தான் வெட்டினேன்!"