விறாந்தைப் படத்துக்கு வைத்த நேர்த்தி

பேசாலையில் இருக்கும் என் பிரியமுள்ள மனைவி மரியமலருக்கு,

கடல் கடந்த கிரவீனிலிருந்து உன் கணவன் சுவாம்பிள்ளை எழுதிக்கொள்வது. மடுமாதா உன்னைக் காப்பாராக. நேரம் கிடைத்தால் என் முழங்காலையும் கொஞ்சம் கவனிப்பாராக.

போனில் சொன்னால் சிரித்துவிட்டுத் துண்டித்துவிடுவாய், அதுதான் கடிதம். உன் விசா அப்பீல் வென்றதென்று சொன்னேன், எப்படி வென்றதென்று சொல்லவில்லை. வக்கீல் வரதராஜாவே கையை விரித்த கேஸ் அல்லவா? நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரி லூர்தெஸ் அன்ரி பிலிப்பைன்ஸ்காரி. விறாந்தையில் ஒரு பழைய பெரிய படம். மேடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஐயா ஒருவர் கையை உயர்த்தி நிற்கிறார், பின்னால் பதினாலு பேர், படத்துக்கு மல்லிகை மாலை, முன்னால் மெழுகுதிரி. நான் வேறை என்னத்தை நினைக்கிறது? அவையளின்ர புனிதராக்கும் எண்டு முழங்காலில நிண்டு நேர்த்தி வைச்சுப்போட்டன். "ஐயா, என்ர மனிசிக்கு விசா எடுத்துத் தாரும், நாங்கள் ரெண்டுபேரும் வந்து உம்மட பக்கத்தில நிப்பம்." ஒன்பது நாள் செபித்து நவநாள் முடித்த அன்றே விசா!

மாலையோடு நன்றி சொல்லப் போனேன். அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "புனிதரா? அவர் என் பூட்டன் டொன் ஃபெர்மின், நூறு வருசத்துக்கு முந்தின வக்கீல்!" ஏழைகளின் காணி வழக்கு ஒன்றிலும் தோற்காதவராம். காசு தொடமாட்டாராம். "வென்றால் என் பக்கத்தில் வந்து நில்" என்பது மட்டும்தான் பேச்சாம். வென்றவர்களெல்லாம் தேர்தல் மேடையில் அவருக்குப் பின்னால். மூன்று தரம் சட்டசபைக்குப் போனவர், நாலாந்தரம் வெல்ல இரண்டு வோட்டுக் குறைந்து, அன்றைக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம்.

"பாவம், இன்னும் அந்த இரண்டைத்தான் தேடுகிறார்" என்றார் அன்ரி. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் படத்தில் பின்னால் நிற்பவர்களை எண்ணினேன். பதினைஞ்சு. கடைசி ஆளுக்கு என்னைப் போல மொட்டைத் தலை, கட்டியிருக்கிறது என்ர சதுரக்கோட்டுச் சாரம். அட கடவுளே! பிறகு யோசித்தேன், கண்ணாடி மாற்றி நாலு வருசம், கண் பிழைதான். நீ ஒன்றுக்கும் பயப்படாமல் அடுத்த மாதம் விமானம் ஏறு. ஆறு வருசமாக உன்னைக் காணாத ஏக்கம் எனக்கு. சுவாமியாருக்கும் அயலவர்க்கும் என் தோத்திரம் சொல்லு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
சுவாம்பிள்ளை

பி.கு: இண்டைக்குக் காலமை பதினாறு. எனக்குப் பக்கத்தில ஊதாச் சேலை கட்டின ஒரு மனிசி, முகம் இன்னும் தெளியேல்லை. பயணத்துக்கு நீ எடுத்த சேலை என்ன நிறம்? ஊதா எண்டால் வராதை. வேறை நிறமெண்டாலும் வராதையப்பா. நான் இஞ்ச தனிய நிண்டு சமாளிக்கிறன். ஒரு வோட்டோட அந்தாளால வெல்லேலாது.