இரண்டு சீட்டு வாங்கியும் விழாத பரிசு

அன்பிலும் அல்ஜீப்ராவிலும் குறைவில்லாத என் அக்கா மகளுக்கு, உன் தாய்மாமன் ஆசியுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் உன் அத்தையும் சுகம். என் மீசை மட்டும் ஆபத்தில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற நீ கணக்குச் சொல்லிக்கொடுக்கும் காலேஜின் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும்.

எங்கள் தையல்கடையில் எல்லோருமாகச் சேர்ந்து லாட்டரிச் சீட்டு வாங்குவது என்று முடிவானபோது, எத்தனை வாங்கலாம் என்று கணக்குப் போடும் பொறுப்பு கட்டிங் மாஸ்டரான என் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? ஏழாம் வகுப்பு வரை கணக்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எட்டாம் வகுப்பில் என்னை உட்காரவைத்தால் தன் வேலை போய்விடும் என்று வாத்தியார் பயந்தார், அவ்வளவுதான். ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டேன். ஒரு சீட்டுக்குப் பரிசு விழும், அல்லது விழாது; ஆக, பாதி. மடித்துப்போட்ட துணியில் பாதி மார்பளவுக்கு வெட்டிப் பிரித்தால் முழுச் சட்டை வருகிறதல்லவா, அதேபோல இரண்டு சீட்டு வாங்கினால் முழுசு. மூன்றாவது வாங்குவது துணியை வீணாக்குவது. காஜா போடுகிறவர் மட்டும், "அப்ப ஊர்ல எல்லாரும் ரெண்டு ரெண்டு வாங்கிட்டா, மாஸ்டர்?" என்று இழுத்தார். "எல்லாருக்குமா கட்டிங் தெரியும்?" என்றேன். அந்த வேகத்தில், விழாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லிவைத்தேன்.

விழவில்லை. பேப்பரை நேராகவும் பார்த்தேன், தலைகீழாகவும் பார்த்தேன். ஆறுதல் பரிசில்கூட நம் எண் இல்லை. கணக்கில் தப்பு இருக்க முடியாது, ஆகவே ஆளில்தான் தப்பு. சீட்டுக்கடைக்காரர் மேல் எனக்கு முதலிலேயே சந்தேகம். இரண்டு போதும் என்றதும் சிரித்தார். கைநிறையச் சீட்டு வைத்திருக்கிறவர் எதற்கு இன்னும் அந்தப் பெட்டிக்கடையில் உட்கார்ந்து விற்கிறார், அதுவும் யோசிக்க வேண்டியது. அடுத்தது இஸ்திரிக்காரர். சீட்டு கசங்கியிருக்கிறது என்று பெட்டியை வைத்துத் தேய்த்தவர் அவர்தான். அந்தச் சூட்டில் எட்டு மூன்றாகியிருக்காது என்று யார் சொல்வது? சீட்டை பீரோவில் வைத்த உன் அத்தையையும் விசாரித்தேன். "எனக்கு விழுந்த பரிசு நீங்க ஒருத்தரே போதும், இன்னொன்னு எதுக்கு?" என்கிறாள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே, உன்மேலும் ஒரு சந்தேகம். போனில் கேட்டபோது, "மாமா, மொத்தம் பத்து லட்சம் சீட்டு, முதல் பரிசு ஒண்ணே ஒண்ணு, நீங்க வாங்குனது ரெண்டு. அஞ்சு லட்சத்துல ஒரு பங்குதான் வாய்ப்பு. இனிமே அந்தக் காசுக்கு அத்தைக்கு ஒரு குடை வாங்கிக் குடுங்க" என்றாய். பேனாகூட எடுக்காமல் அந்த எண் எப்படி டக்கென்று வந்தது? சீட்டு அச்சடித்தவனுக்கல்லவா அதெல்லாம் தெரியும்?

போகட்டும். 'இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று' என்று மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பு. அது பொய்யில்லையே. கடை ஆட்கள் சனிக்கிழமை வரைதான் தவணை கொடுத்திருக்கிறார்கள்; அதற்குள் வராவிட்டால் கல்யாணத்துக்கு முன்பிருந்து வளர்த்த மீசை போய்விடும். மீசை இல்லாமல் நான் டேப்பை எடுத்தால் எவன் பயந்து நிமிர்ந்து நிற்பான்?

உனக்கும் மாப்பிள்ளைக்கும், இனிமேல் பிறக்கப்போகும் கணக்குப் புலிகளுக்கும் என் ஆசிகள். அக்காவைக் கேட்டதாகச் சொல். அவள்மேல் இதுவரை சந்தேகம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
கட்டிங் மாஸ்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கடை ஆட்கள் முடிதிருத்துகிறவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் நான் ஊரைவிட்டு ஓடிவிடுவேன் என்று அவர்களுக்குச் சந்தேகமாம். மீசை போய்விட்டது. முடி சிந்தாமலிருக்க, நான் முடிவு பார்த்த அதே பேப்பரைத்தான் கீழே விரித்திருந்தார்கள். அதை உதறி மடிக்கும்போது முடிதிருத்துகிறவர், "இது போன மாசப் பேப்பராச்சே மாஸ்டர். இந்த மாசக் குலுக்கல் நாளைக்குத்தானே?" என்கிறார். ஆகவே மேலே எழுதிய சந்தேகம் எல்லாம் வாபஸ், உன்மேல் உள்ளது உட்பட. முத்திரைக் கடிதம் வேண்டாம். அதற்குப் பதிலாக, நாடகத்துக்குச் சாமான் விற்கிற கடையில் ஒட்டு மீசை கிடைக்கும், கறுப்பாகப் பார்த்து வாங்கி அனுப்பு. ஒன்று வாங்கிவிடாதே, ஒட்டினாலும் ஒட்டும், ஒட்டாமலும் போகும். இரண்டாக வாங்கு.