முன்னால் கிளம்பிய பை

மதியம் மணி 2:10. எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம். வாசலில் செருப்பு இல்லை. மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அந்தப் பூட்டுக்கு உள்ளே என்னுடைய நீலக் கைப்பை இருக்க வேண்டும். பைக்குள் நான்கு நாள் மலை ரயில் பயணத்துக்கான ஐந்து டிக்கெட்டுகள், எனக்கும் மனைவிக்குமான அசல் அடையாள அட்டைகள், நாற்பத்தேழு வரிகள் கொண்ட பயணத் திட்டம். திருச்சியில் ரயில் மாலை ஐந்து மணிக்கு. புதுக்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து திருச்சி ஜங்ஷனுக்கு ஒன்றரை மணி நேரம்.

ஒப்புக்கொள்கிறேன். பையைத் திருடன் கொண்டுபோகவில்லை. நானே நல்ல நேரம் பார்த்து, வலது காலை எடுத்து வைத்து, எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியர். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது தொழில். அதனால் என்னிடம் தப்பு இருக்காது என்று அந்த வயதில் ஓர் எண்ணம் (என் மனைவி அமுதா இதை வியாதி என்பாள்). பயணத் திட்டத்தை மூன்று மாதம் தயாரித்தேன். வியாழக்கிழமை திருச்சியிலிருந்து கோவை, இரவு மேட்டுப்பாளையம். வெள்ளி காலை மலை ரயிலில் ஊட்டி. சனி இறக்கம், இரவு வண்டியில் கொல்லம். ஞாயிறு பகலில் செங்கோட்டை மலைப்பாதை வழியாக மதுரை. ஏறும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும், இறங்கும்போது எந்தப் பக்கம் என்பதெல்லாம் தனித்தனி வரிகள். கடைசிப் பத்தியின் தலைப்பு 'தவறினால்'. மழை பெய்தால், மண் சரிந்தால், எனக்குத் தலை சுற்றினால் என்று எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு இருந்தது. எதிர்வீட்டுக்காரர் பூட்டிக்கொண்டு போனால் என்று ஒரு வரி இல்லை.

டிக்கெட்டுகளையும் கவுண்டரில் வரிசையில் நின்று காகிதத்தில்தான் வாங்கினேன். கைபேசியில் வரும் டிக்கெட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. அச்சில் வந்தால்தான் உண்மை என்று நம்புகிற தொழில். கவுண்டர் டிக்கெட்டைப் பொறுத்தவரை அந்தக் காகிதம் கையில் இல்லையென்றால் பயணம் இல்லை.

இந்தப் பயணம் யாருக்காக என்பதையும் சொல்ல வேண்டும். அமுதா அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. கல்யாணமான புதிதில், மலையை ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். மூன்று தடவை தேதி குறித்தோம். முதல் தடவை தேர்தல். இரண்டாவது தடவை புயல். மூன்றாவது தடவை என்ன காரணம் என்று எனக்கு ஞாபகமில்லை, அவளுக்கு இருக்கிறது. அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது. நானாகவே நான்காவது தேதியைக் குறித்தபோது, கீழ ராஜ வீதியில் நான்கு கடை ஏறி இறங்கி ஒரு ஸ்வெட்டர் வாங்கிவந்தாள். அதைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். வண்டி நகர்ந்த பிறகு பிரிக்கிறேன் என்றாள்.

சிக்கல், கிளம்பும் நேரத்தில் வந்தது. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை ராகு காலம். நாங்கள் கிளம்ப வேண்டியது இரண்டரைக்கு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்கதான தினமும் பேப்பர்ல ராகு காலம் போடுறீங்க? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு ஒங்களுக்கு மட்டும் கெடையாதா?" என்றாள் அமுதா.

அந்தக் கட்டத்தைத் தினமும் சரிபார்ப்பது நான்தான்.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. கிளம்பும் நேரம் சரியில்லையென்றால், முன்கூட்டியே நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய மாதிரி. ஒரே நிபந்தனை, வைத்த சாமான் மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை வைத்தால் போதும் என்று அமுதா சொன்னாள். நான் கேட்கவில்லை. செய்வதானால் முறையாகச் செய்ய வேண்டும். துண்டா பயணம் போகிறது, டிக்கெட்டுதானே போகிறது என்று வாதம் செய்தேன். காலை 10:50-க்கு நீலப் பையை எதிர்வீட்டுக் கருப்பையா அண்ணனிடம் ஒப்படைத்தேன். குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சாங்கியத்தில் பஞ்சாங்கத்தைவிடக் கறாரானவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு திட்டத்தின் ஒன்பதாவது வரிப்படி கைபேசியை அணைத்துச் சார்ஜில் போட்டேன். 11 மணி முதல் 2 மணி வரை.

பூட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அதை உயிர்ப்பித்தபோது ஆறு தவறிய அழைப்புகள் என்று குறுஞ்செய்தி வந்தது. எல்லாம் கருப்பையா அண்ணனுடையவை. கூப்பிட்டேன். மெதுவாகப் பேசினார்.

"பையா? பத்திரமா இருக்கு தம்பி. என் மடியிலதான் இருக்கு."

கீரமங்கலத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். தங்கை மகளைப் பெண் பார்க்க இலுப்பூரிலிருந்து திடீரென்று வருகிறார்கள். தாய்மாமன் இல்லாமல் முடியாது என்று அழைப்பு வந்திருக்கிறது. பையை என்ன செய்வதென்று யோசித்திருக்கிறார்.

"ஒங்க வீட்ல திருப்பிக் குடுத்தா பயணம் திரும்புன மாதிரி. பூட்டுன வீட்டுக்குள்ள வச்சா பயணத்தப் பூட்டுன மாதிரி. அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

குறை சொல்ல இடமில்லாத தர்க்கம். கீரமங்கலம் கிழக்கே, திருச்சி வடக்கே. பாதி வழியில் ஆலங்குடி. அங்கே கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எதிரே காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள், தாய்மாமன் நடுவில் எழுந்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். இன்றுவரை மனதுக்குள் அதை அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணே, பொண்ணு பாக்க இன்னொரு நாளைக்கு வருவாங்க. ரயில் வராது."

கருப்பையா அண்ணன் "வாரேன்" என்றார்.

அமுதாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கணக்குப் போட்டாள். "ஆலங்குடிக்கு அரை மணி, திரும்பி வர அரை மணி, இங்கிருந்து திருச்சி. நீங்க அங்கிட்டுப் போங்க, நா பெட்டியோட பஸ்ல திருச்சிக்குப் போறேன்." அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

எங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர் சேவியர் தன் பழைய காரோடு வந்தார். விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நிற்பவர். 2:25-க்குக் கிளம்பி 2:54-க்கு ஆலங்குடி. 3:01-க்குக் கருப்பையா அண்ணன் வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், மோட்டார் சைக்கிள் டேங்க் மீது நீலப் பை. நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"தெக்க பாத்து வாங்காதீங்க தம்பி. வியாழக்கெழம தெக்க சூலம். காரத் திருப்பிட்டு வடக்க பாத்து வாங்குங்க."

வியாழக்கிழமை தெற்கே சூலம் என்பது சரிதான். அன்றைய பேப்பரில் நானே போட்டிருந்தேன். கடைத்தெருவில் ஒரு தேங்காய் லாரிக்கும் ஒரு டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் சேவியர் காரை முன்னும் பின்னுமாக ஐந்து முறை ஒடித்துத் திருப்பினார். நான்கு நிமிடம். (அந்த நான்கு நிமிடத்தைப் பிறகு எங்கெல்லாமோ தேடினேன்.)

புதுக்கோட்டையைத் தாண்டியபோது 3:38. கீரனூரில் 4:05. அமுதா நடைமேடையில் இருந்து பேசினாள். எங்கே வருகிறீர்கள் என்று ஒருமுறைதான் கேட்டாள். டோல்கேட் சிக்னலில் 4:46. சேவியர் முதல்முறையாகச் சிவப்பு விளக்கில் நின்றார். முன்னால் போலீஸ் ஜீப் இருந்தது. மடியில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வியர்வையில் பையின் நீலம் விரலில் ஒட்டியிருந்தது.

ஜங்ஷன் வாசலில் இறங்கியபோது 4:56. மேம்பாலப் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். மூன்றாவது பாய்ச்சலில் ஒரு செருப்பு போயிற்று. மறுபக்கம் இறங்கும்போது வண்டி நகர ஆரம்பித்தது. டிக்கெட் கையில் இல்லாமலே அமுதா பெட்டியோடு ஏறியிருந்தாள். இருக்கை எண் அவளுக்கு மனப்பாடம். கதவருகே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'ஓடும் ரயிலில் ஏற முயன்றவர்' என்று தொடங்கும் செய்தியை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அடுத்த சொல் என்னவென்று தெரியும். ஆனாலும் ஓடினேன். கம்பி எட்டும் நேரத்தில் பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்தார்கள். ரயில்வே போலீஸ்காரர்.

"பைய மட்டும் குடுங்க" என்றாள் அமுதா.

கையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

"கொஞ்சம் விட்டிருந்தா பேப்பர்ல வந்திருப்பீங்க சார்" என்றார் போலீஸ்காரர்.

கரூர் தாண்டியதும் அவள் பேசினாள். பஸ் ஏறினால் இரவுக்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடுவேன், காலையில் சேர்ந்து மலை ஏறிவிடலாம் என்று சொன்னேன்.

"வேணாங்க. நீங்க கருப்பையா அண்ணன் வீட்டு விஷயத்தச் சரி பண்ணுங்க. அவர எந்திரிக்க வச்சது நீங்கதான்." பிறகு, "மூணு தடவ ஒங்களுக்காக நா வீட்ல இருந்தேன். ஒரு தடவ நீங்க இருங்க" என்றாள்.

கருப்பையா அண்ணன் வீட்டு விஷயம் நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. தாய்மாமன் வந்ததிலிருந்து ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமும் தராமல் இருந்திருக்கிறார். போன் வந்ததும் பையோடு எழுந்து போய்விட்டார். பெண்ணுக்குப் போடும் நகை அந்தப் பையில் இருந்ததாகவும், சம்பந்தம் பிடிக்காமல் நகையோடு போய்விட்டதாகவும் மாப்பிள்ளை வீட்டார் முடிவுகட்டியிருந்தார்கள்.

மறுநாள் கருப்பையா அண்ணனும் நானும் இலுப்பூர் போனோம். மாப்பிள்ளையின் அப்பா எண்ணெய் மண்டி வைத்திருப்பவர். உட்காரச் சொல்லவில்லை. நான் பரஸ்தானத்திலிருந்து டிக்கெட் வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இப்படியொரு முட்டாள்தனத்தை யாரும் செய்ய மாட்டார்கள், அதனால் இது கதை என்றார். அந்த நேரத்தில் கைபேசியில் ஒரு படம் வந்தது. மலை ரயில். அமுதா புது ஸ்வெட்டரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் ஜன்னலோர இருக்கையில், பள்ளத்தாக்கு தெரியும் பக்கமாக, நீலப் பை உட்கார்ந்திருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மகனையும் கூப்பிட்டுக் காட்டினார். அதே பைதான் என்றான் அவன்.

"சரி. அப்ப நீங்க ஏன் இங்க இருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்காமல் நாற்காலி போடச் சொன்னார். கல்யாணம் தை மாதம் நடந்தது. பந்தியில் நான் கை கழுவ எழுந்தபோது மணமகளே, "மாமா, பைய எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தில் இன்றும் யார் எந்த இடத்திலிருந்து எழுந்தாலும் இந்தக் கேள்வி வருகிறது. கருப்பையா அண்ணன் சிரிப்பதில்லை. தான் செய்தது சரி என்பது அவர் கட்சி.

அமுதா திட்டப்படி ஞாயிறு இரவு மதுரையில் இறங்கி வீடு வந்தாள். நாற்பத்தேழு வரிகளிலும் பேனாவால் சரிக்குறி போட்டிருந்தாள்.

போன வாரம், வரும் விடுமுறைக்கு முன்பதிவுப் படிவம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். ஏறும்போது எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று என்னிடம் கேட்டாள், சொன்னேன். பள்ளி ஆசிரியைகளின் பெயர்களையும் வயதையும் எழுதினாள். அந்தப் படிவத்தில் ஆறு பேருக்கு இடம் உண்டு. தன் பெயரோடு ஐந்து பெயர்கள் எழுதிவிட்டு, ஆறாவது வரியைக் காலியாக விட்டிருந்தாள்.