ஏ-ஒன் ஆமை

ஒரு காட்டில் தேர்தல் வந்தது, நரி தோற்றது. நரியின் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கல்லோடு பேரவைப் பாறைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தப் பாறையடியில்தான் அமலோற்பவம் என்ற ஆமை குடியிருந்தாள். வாசலில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தவள் முதுகில் வந்து விழுந்தது முதல் கல். ஓட்டில் நீளமாக ஒரு விரிசல். மழை வருவதற்குள் அதை அடைக்காவிட்டால் ஆளே காலி என்று மரங்கொத்தி வைத்தியர் பிற்பாடு கையை விரித்தார்.

செந்நாய் ஏட்டு வந்து சேர்வதற்குள் கல்லெறிந்தவர்கள் அத்தனை பேரும் மாயம். நின்றது அமலோற்பவம் மட்டும். அவளும் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஏட்டு அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஏ-1' என்று போட்டு, நகலைக் கையில் கொடுத்தார்.

"பாத்தீங்களா, நம்ம ஒழுக்கத்துக்கு ஏ-ஒன் போட்டிருக்காரு" என்று அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

பிறகு பேரவையில் சட்டம் வந்தது. கலவரத்தில் அடிபட்டவர்களுக்கு நிவாரணம் உண்டு. கலவர வழக்கில் சிக்கியவர்களுக்குப் பொது நிதியிலிருந்து ஒரு பச்சிலைகூடக் கிடையாது. எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவள் அமலோற்பவம்தான். "அந்தக் காலிப் பயல்களுக்கு நல்லா வேணும்."

நிவாரண வரிசையில் அவளுக்கு முன்னால், அன்றைக்கு முதல் கல்லை எறிந்த ஓநாய் நின்றது. ஓடும்போது காலில் முள் குத்திவிட்டதாம்.

"வழக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டது கவுண்டரில் இருந்த குரங்கு.

"யாரும் பிடிக்கவே இல்லையே சார்."

முத்திரை விழுந்தது. அடுத்து அமலோற்பவம் விண்ணப்பத்தோடு நகலையும் நீட்டினாள். "நான் ஏ-ஒன்."

"தெரியுதும்மா. முதல் குற்றவாளி."

"ஏம்ப்பா, அடிபட்டவளே நான்தானே?"

"அதுக்கு அத்தாட்சி?"

"இந்த நகல்தான். நான் அங்க இருந்தேன்னு ஏட்டே எழுதியிருக்காரே."

"அங்க இருந்ததுதாம்மா கேஸே. வழக்கு முடியட்டும், வாங்க."

"எப்ப முடியும்?"

"ஏ-டூ கிடைக்கணும். தேடிக்கிட்டிருக்காங்க."

"கல்லெறிஞ்ச ஓநாய் இப்பத்தானே உன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டுப் போகுது."

குரங்கு கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தது. "போயிட்டாரும்மா. நல்ல வேகம்."

வெளியே தூறல் பிடித்திருந்தது. அமலோற்பவம் தன் விண்ணப்பத்தையே விரிசலின்மேல் ஒட்டிக்கொண்டு நடந்தாள்.

நீதி: தப்பு செய்தால் ஓடு. செய்யவில்லை என்றால் இன்னும் வேகமாக ஓடு.